வாசற்படியில் அல்ல, வழக்கு மன்றத்தில்!

ஆலை வாசலில் மேலாளர் வந்து, "நாளை முதல் உனக்கு வேலையில்லை, போ!" என்கிறார். பொறுப்போமா? காரணம் என்ன என்று கேட்போம். முன்னறிவிப்பு எங்கே என்போம். இழப்பீடு எங்கே என்போம். சங்கம் கூடும், வழக்கு மன்றம் காண்போம். கேட்பது நமது உரிமை!

அதே தொழிலாளி வீடு திரும்புகிறான். பத்தாண்டு அடுப்பெரித்து, பிள்ளை பெற்று, அவன் காய்ச்சலுக்குக் கண்விழித்தவளைப் பார்த்து, "போ!" என்கிறான். காரணம் கேட்க அவளுக்கு ஏது மன்றம்?

வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரம் அரபு மொழி பேசும் துனீசியா நாடு இருக்கிறது. அங்கே 1956 வரை, கணவன் நாவின் நுனியில்தான் தொங்கியது மனைவியின் வாழ்வு.

இசுலாமிய நெறியைக் குறைகூற இதை எழுதுகிறோமா? இல்லை, தோழர்களே! கணவன் மனைவிக்குள் பிணக்கு மூண்டால், இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் ஒருவரை அமர்த்தச் சொல்கிறது திருக்குர்ஆன். நிதானம் போதித்தது நெறி; அவசரத்துக்கு அதைக் கருவியாக்கியது ஆணின் ஆணவம்!

இந்தக் கொடுமையை எதிர்த்து அந்நாட்டிலேயே எழுந்தார் ஒருவர். தாஹர் ஹத்தாத் என்பது அவர் பெயர். செய்தூனா பள்ளியில் மார்க்கக் கல்வி பயின்றவர். 1924-ல் துனீசியப் பாட்டாளிகள் தமக்கெனச் சங்கம் கண்டபோது முன்னணியில் நின்றவர். பாட்டாளிக்காகப் பேசிய வாய், பெண்ணுக்காகப் பேசாதிருக்குமா? 1930-ல் பெண்ணுரிமை குறித்து நூல் எழுதினார். மணவிலக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும் என்றார். சீறினர் பழமைவாதிகள். நூலைக் கண்டித்தனர், எழுதியவரை ஒதுக்கினர். 1935-ல், நாற்பதைக் காணாமலே கண்மூடினார்.

ஆள் மாண்டார்; கருத்து மாளவில்லை! 1956 மார்ச் 20-ல் துனீசியா விடுதலை பெற்றது. ஐந்து மாதம் நிறையுமுன், ஆகஸ்ட் 13-ல், பிரதமர் ஹபீப் பூர்கிபாவின் ஆட்சி குடும்பச் சட்டம் கொண்டுவந்தது. 1957 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

என்ன சொன்னது சட்டம்? நீதிமன்றத்துக்கு வெளியே மணவிலக்கு செல்லாது. இருவரும் இசைந்து கேட்கலாம். தீங்கு கண்டவர் கேட்கலாம். காரணமின்றியும் ஒருவர் கேட்கலாம், ஆனால் மற்றவருக்கு இழப்பீடு தந்தாக வேண்டும். கணவனுக்குள்ள அதே உரிமை மனைவிக்கும்! பலதார மணத்துக்குச் சிறை!

சட்டம் சோறு போடுமா என்று கேட்கலாம். போட வைத்தார்கள்! 1981 முதல், விலக்கப்பட்ட மனைவி இழப்பீட்டை மாதத் தொகையாகவும் கேட்டுப் பெறலாம். பணம் தராமல் கணவன் ஏய்த்தால்? 1993-ல் ஒரு நிதி அமைத்தனர். அந்த நிதி அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பணம் தருகிறது. பிறகு அவனிடம் வசூலிக்கிறது. சிறு பிள்ளைகள் இருந்தால், நீதிபதி மும்முறை அழைத்துச் சமரசம் பேச வேண்டும் என்ற விதியும் அவ்வாண்டே வந்தது.

எகிப்தைப் பாருங்கள். தீங்கை நிரூபிக்காமலே, கணவன் இசைவின்றி மனைவி விலகும் வழி 2000-ல்தான் அங்கே சட்டமாயிற்று. அதற்கும் விலை உண்டு: பெற்ற மகரைத் திருப்பித் தர வேண்டும், பண உரிமைகளைத் துறக்க வேண்டும். கைப்பொருள் இல்லாத ஏழை என்ன செய்வாள்?

துனீசியாவிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பொது விதிப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சமபங்கு தரும் மசோதா 2018-ல் எழுந்தது, சட்டமாகாமலே நின்றது.

தோழர்களே! ஆலை வாசலில் நாம் கேட்பது என்ன? காரணம், விசாரணை, இழப்பீடு. அதையேதான் துனீசியப் பெண் தன் வீட்டு வாசலில் கேட்டாள், பெற்றாள். முன்னதை நியாயம் என்போர், பின்னதை எப்படி மறுக்க முடியும்? தொழிலாளிக்காகவும் பெண்ணுக்காகவும் எழுதிய பேனா, ஒரே மனிதரின் பேனா என்பதை மறவாதிருப்போம்!