ஒரு நன்றிக்கு எத்தனை குதிரைச்சக்தி தெரியுமா?

‘எதுக்குடா இந்தப் பொழப்பு!’ என்று திங்கட்கிழமை காலையில் அலுத்துக்கொள்ளாதவர் யார்? உற்சாகம் வேண்டும் என்று நமக்கு நாமே முதுகில் தட்டிக்கொடுக்கிறோம். தன்னம்பிக்கைப் பேச்சை இயர்போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். பதினோரு மணிக்கெல்லாம் காற்று இறங்கிவிடுகிறது! ஆனால், அந்த உற்சாகம் நமக்குள் இல்லை, நமக்கு உதவிய ஒருவரிடமோ, நாம் உதவப்போகும் ஒருவரிடமோதான் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? வரிசையாகக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

ஒரே ஒரு முகத்தைப் பார்த்ததும் வசூல் எகிறியது தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கால் சென்டர். பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கவேண்டும். பேச்சை முடிப்பதற்குள் எதிர்முனையில் ‘டொக்’கென்று வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க இதே பாடு. இந்த வேலையில் யாருக்கு உற்சாகம் வரும்?

ஆடம் கிரான்ட் என்ற உளவியலாளர் சம்பளத்தை உயர்த்தவில்லை, போனஸ் அறிவிக்கவில்லை. அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரைக் கூட்டிவந்து, ஊழியர்களோடு கொஞ்ச நேரம் பேசவைத்தார். அவ்வளவுதான்! ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. வசூலோ 171 சதவீதம் கூடியிருந்தது!

2007இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு விசேஷமும் உண்டு. மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்துப் பேசிக்கொண்ட குழுவிடம் இந்தப் பாய்ச்சல் இல்லவே இல்லை. காகிதம் போதவில்லை, கண்ணெதிரே ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்!

கம்ப்யூட்டரைச் சரிசெய்தவரால் யாரோ ஒருவருக்கு லாபம் வந்தது தெரியுமா?

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஆய்வு இது. ஓர் ஆளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கொட்டாவி வரவைக்கும் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். முடிக்கப்போகிற நேரத்தில் திரை பட்டென்று அணைந்தது. ‘மறுபடியும் முதலில் இருந்து செய்யவேண்டியதுதான்’ என்று கையை விரித்தார் ஆய்வாளர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போகாமல் நின்று, இதையும் அதையும் பார்த்து, கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்துவிட்டார். திரை அணைந்ததே நாடகம், சரிசெய்தவரும் ஆய்வாளர்களின் ஆள்!

சற்று நேரம் கழித்து அவரே வந்து, அலுப்பூட்டும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பித் தரமுடியுமா என்று கேட்டார். உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நெடுநேரம் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார்கள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? முன்பின் தெரியாத வேறொருவர் வந்து கேட்டபோதும் அப்படியே உட்கார்ந்து எழுதினார்கள்! மோனிகா பார்ட்லெட், டேவிட் டெஸ்டெனோ இருவரின் ஆய்வு. வெளியான ஆண்டு 2006. யாருக்கோ பட்ட நன்றி, வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது பாருங்கள்!

ஊசியைப் பார்க்கவே பயந்தவர் 1,173 முறை கையை நீட்டினார் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 14 வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன். முகம் தெரியாத பலர் கொடுத்திருந்த ரத்தம்தான் அவரைப் பிழைக்கவைத்தது. ‘வயது வந்ததும் நானும் கொடுப்பேன்’ என்று அந்தப் பையன் முடிவெடுத்தான். 1954இல் 18 வயது ஆனதும் போய் நின்றேவிட்டான்! ஒரே ஒரு சிக்கல்... ஊசி என்றாலே நடுக்கம். கடைசிவரை தன் கையில் ஊசி இறங்குவதை அவர் பார்த்ததே இல்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்!

இதற்கு மேல்தான் அதிசயம். அவர் ரத்தத்தின் பிளாஸ்மாவில் ஆன்டி-டி என்ற அரிய எதிர்ப்பொருள் ஏராளமாக இருப்பது தெரியவந்தது. தாய்க்கு ஆர்ஹெச் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆர்ஹெச் பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பே குழந்தையின் ரத்த அணுக்களை எதிரி என்று நினைத்துத் தாக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் ஊசிமருந்து இந்த ஆன்டி-டியில் இருந்துதான் தயாராகிறது. ஹாரிசனின் பிளாஸ்மா கலந்த மருந்து 24 லட்சம் குழந்தைகளைக் காக்க உதவியதாக ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அந்த மருந்து அவர் மகளுக்கே தேவைப்பட்டது!

‘வயதாகிவிட்டது, போதும்’ என்று விதிமுறை தடுத்த 81ஆவது வயதுவரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். 2025 பிப்ரவரியில் 88 வயதில் மறைந்தார். சிறுவயதில் பட்ட ஒரு நன்றிக்கடன், ஆயுள் முழுக்க ஒருவரை நடக்கவைத்திருக்கிறது!

தன் குடியை நிறுத்த இன்னொரு குடிகாரரைத் தேடினார் தெரியுமா?

1935 மே மாதம். அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். நியூயார்க்கில் இருந்து வந்த பில் வில்சனின் தொழில் முயற்சி மண்ணைக் கவ்வியிருந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வரவேற்பறையின் ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம், கிளாஸ் சத்தம். மறுபக்கம் டெலிபோன்.

எந்தப் பக்கம் போனார் தெரியுமா? டெலிபோன் பக்கம்! உள்ளூர்ப் பாதிரியார்களுக்குப் போன் போட்டு, ‘நான் உதவி செய்ய ஒரு குடிகாரர் வேண்டும்’ என்று கேட்டார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்! கடைசியில் ராபர்ட் ஸ்மித் என்ற டாக்டர் சிக்கினார். ‘பதினைந்து நிமிடம்தான்’ என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. வில்சனும் தப்பித்தார்! அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அடுத்தவரைத் தூக்கிவிட்டால்தான் தானும் நிற்கமுடியும் என்பதே இன்றுவரை அதன் அடிப்படை.

அறிவுரை சொன்னவருக்கே மார்க் ஏறியது தெரியுமா?

படிப்பில் பிள்ளை மந்தம் என்றால் நாம் என்ன செய்வோம்? பிடித்து உட்காரவைத்து அறிவுரை சொல்வோம். அமெரிக்காவில் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள்! 1,982 பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரிடம் மட்டும் ‘படிப்பைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று உன் தம்பி தங்கைகள் வயதுப் பிள்ளைகளுக்கு நீ யோசனை சொல்’ என்றார்கள். சுமார் எட்டு நிமிட வேலைதான். அந்தப் பருவம் முடிந்தபோது, யோசனை சொன்னவர்களின் கணித மார்க் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது! கூடியது கொஞ்சம்தான், ஆனால் எட்டு நிமிடத்துக்கு அது கொள்ளை லாபம் அல்லவா? 2019இல் வெளியான ஆய்வு இது.

விரல் வளைந்த டாக்டர் லட்சம் கண்களுக்கு ஒளி தந்தார் தெரியுமா?

டாக்டர் கோ. வெங்கடசாமியை முடக்குவாதம் முப்பது வயதுவாக்கில் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவம் பார்க்கும் மருத்துவராக நினைத்தவர் அதைக் கைவிட நேர்ந்தது. விட்டாரா? கண் மருத்துவத்துக்கு மாறி, அந்தக் கோணல் விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தன் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவைசிகிச்சை செய்தார்! அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வுபெற்றவர், திண்ணையில் உட்காரவில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்டமுடியாதவர்களுக்கும் பார்வை. கட்டை அவிழ்த்ததும் சிரிக்கும் ஒரு முகம்... அடுத்த நாள் எழுந்து போக அதைவிடவா ஓர் அலாரம் வேண்டும்?

மூச்சு வாங்கிக்கொண்டு இவற்றையும் கேளுங்கள்!

• சுவீடனில் ரத்ததானம் செய்தவருக்கு, அந்த ரத்தம் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதும் செல்போனில் குறுஞ்செய்தி வருகிறது. மீட்டிங் நடுவே ‘டிங்’ என்று வந்தால் எப்படி இருக்கும்!

• கனடாவில் சிலருக்குக் காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, பாதிப்பேரைத் தங்களுக்காகவும் மீதிப்பேரை அடுத்தவருக்காகவும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தது அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான். அது 5 டாலரா 20 டாலரா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை!

• ஒன்றரை வயதுக் குழந்தைகளின் முன்னால் பெரியவர் ஒருவர் துணிக்கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டாமல் தவிப்பதுபோல் நடித்தார். யாரும் சொல்லாமலேயே தத்தித் தத்திப் போய் எடுத்துக்கொடுத்தன வாண்டுகள்!

• ரத்தம் குடிக்கும் வாம்பயர் வௌவாலுக்கு இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். பட்டினி கிடக்கும் தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது இன்னொரு வௌவால். முன்பு ஊட்டிய வௌவாலுக்கே திரும்ப உணவு அதிகம் கிடைக்கிறது!

• வடலூரில் பசித்தவர்களுக்காக 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அணையா அடுப்பு!

நன்றியும் அளவுக்கு மிஞ்சினால் சலிக்கும் தெரியுமா?

இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி! நன்றிசொல்லத் தக்க விஷயங்களை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. கடனே என்று எழுதினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும்போல! உதவிகளிலும் ஒரு சூட்சுமம்: ஐந்து உதவிகளை வாரம் முழுக்கத் தூவியதைவிட, ஒரே நாளில் செய்தவர்களுக்கே பலன் தெரிந்தது. இதைக் கண்டவர் சோன்யா லூபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர்.

ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றிலும் வாரம் ஒருமுறைதான்! பத்து வாரம் நன்றிப் பட்டியல் எழுதிய மாணவர்கள், எரிச்சல் பட்டியல் எழுதியவர்களைவிட வாரத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சி செய்தார்கள். பேனா பிடித்ததற்குக் கால் ஓடியிருக்கிறது!

ஆகவே, பட்டியலை நீட்டாதீர்கள். ஓர் ஆளைப் பிடியுங்கள். எட்டாம் வகுப்பில் ஃபீஸ் கட்டிய சித்தப்பா, முதல் வேலைக்குச் சிபாரிசு செய்த சார், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கிருந்த பக்கத்து வீட்டு அக்கா... ‘இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார்களோ’ என்று கூச்சமா? அதையும் சோதித்துவிட்டார்கள்! நன்றிக் கடிதம் எழுதியவர்கள், ‘வாங்குபவர் சங்கடப்படுவார்’ என்று நினைத்தது மிகை. அவர் எவ்வளவு மகிழ்வார் என்று போட்ட கணக்கோ குறைவு. அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018இல் வெளியிட்ட முடிவு இது.

இதைப் படிக்கும்போதே ஒரு பெயர் மனதில் வந்திருக்குமே? போன் கையில்தானே இருக்கிறது, போடுங்கள்!