ஒரே பந்தி

உழைப்பவனுக்கு உரிய மதிப்பு யாது என்னும் வினாவிற்குச் சீக்கிய சமயம் செயலால் விடை கூறிற்று.

குரு நானக் (1469–1539) தம் இறுதிக் காலத்தில் ராவி நதிக்கரையில், இன்று பாகிஸ்தானத்திலுள்ள கர்த்தார்பூரில் குடியேறி, தாமே நிலத்தை உழுது பயிரிட்டார். நேர்மையாய் உழைத்தல், ஈட்டியதைப் பகிர்ந்து உண்ணல், இறைவனை நினைத்தல் ஆகிய மூன்றும் அவர் காட்டிய நெறி. லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் எக்குலத்தவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பர். பந்தியில் அமர்ந்த பின்னரே தம்மைக் காணலாம் என மூன்றாம் குரு அமர்தாஸ் விதித்தார்.

1604-இல் குரு அர்ஜன் தொகுத்த திருமறையில், நெசவாளர் கபீர், உழவர் தன்னா, தோல் தொழிலாளர் ரவிதாஸ் ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றன. அம்மறையின் முன் அனைவரும் தலை வணங்குகின்றனர். தறிக்கும் ஏருக்கும் கிடைத்த பெருமை அது!

ஆயினும், தாழ்த்தப்பட்டோருக்குத் தனிச் சுடுகாடு வைத்துள்ள கிராமங்கள் பஞ்சாபிலும் உண்டு. கொள்கையை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. நாள்தோறும் அதில் பழக வேண்டும்.

நம் சங்கத்திலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே விதி. ஆண்டுக்கூட்டம் முடிந்து இலை போடும்போது, அவ்விதி பந்திக்கும் வருகிறதா? அங்கத்தினர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பாராக.