வீதி அகலமாகிறது, கட்டணம் யார் தோளில்?

போர்னெபூ என்ற பெயரை, தொண்ணூறுகளில் நோர்வேக்கு வந்து சேர்ந்த எம்மவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கையில் ஒரு பெட்டியும் நெஞ்சில் ஓராயிரம் அச்சமுமாய் நாம் வந்திறங்கிய ஒஸ்லோ விமான நிலையம் அதுவே. 1998 ஒக்டோபரில் அது மூடப்பட்டு, விமானங்கள் யாவும் கார்டெர்மூனுக்கு மாற்றப்பட்டன. ஓடுபாதைகள் கிடந்த அந்நிலத்தில் இன்று பெரும் நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. எமது மைத்துனி 1997இல் அங்கே வந்திறங்கியவர். இன்று அதே நிலத்தில், விடியுமுன் சென்று அலுவலக அறைகளைத் துப்புரவு செய்து வருகிறார்.

அவர் குடியிருப்பது நகரின் கிழக்கே, எம்மவர் பலரும் வாழும் குரூருட் பள்ளத்தாக்கில். வேலைத்தலமோ நகரின் மேற்கெல்லைக்கு அப்பால். ஐந்து மணிக்கு வேலை தொடங்க வேண்டும். நிலக்கீழ் ரயிலை நம்பியிருந்தால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே கார் இன்றி அவருக்குத் தொழில் இல்லை. ஈ-6 நெடுஞ்சாலையால் நகருக்குள் இறங்கி, கோட்டைக்குக் கீழே செல்லும் சுரங்கப் பாதையைக் கடந்து, ஈ-18இல் லீசாக்கரைத் தாண்டிச் செல்கிறார். ஹம்மர்பெஸ்டிலிருந்து சென்று சில நாட்கள் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் அதிகாலை நாமும் அவருடன் அந்த வழியே சென்றோம். நெடுஞ்சாலை அகலிப்பு என்று செய்தித்தாளில் படிப்பது வேறு, அதனூடாகப் பயணிப்பது வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஈ-18 ஒஸ்லோவின் மேற்கு வாசல். நாளொன்றுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதனூடே செல்கின்றன. லீசாக்கரிலிருந்து ராம்ஸ்தாட்ஸ்லெட்டா வரை, அதாவது ஏறத்தாழ 4.4 கிலோமீற்றர் தூரத்துக்கு, அவ்வீதியை முற்றாகப் புதிதாக அமைக்கும் வேலைகள் 2020களின் தொடக்கத்திலிருந்து நடைபெற்று வருகின்றன. வெறுமனே ஒரு தடத்தை அருகில் ஒட்டிவிடும் வேலை அன்று இது. பஸ் வண்டிகளுக்குத் தனிவழி, சைக்கிள்களுக்குத் தனிவழி, போர்னெபூவுக்குப் பிரிந்து செல்லும் வீதிகள் ஒன்றையொன்று வெட்டாமல் மேலும் கீழுமாய்க் கடக்கும் பெருஞ்சந்தி, ஸ்தாபெக் பகுதியில் வீதிக்கு மேலே கூரைபோல் ஒரு மூடி என்று பலவும் அடங்கியது. மூடிக்குக் கீழே வாகனங்கள் ஓடும். மேலே மண் நிரப்பி, மரம் நட்டு, மக்கள் நடமாடுவார்கள். இரைச்சலும் தூசியும் அயல்வீடுகளை அண்டாது.

ஓடிக்கொண்டிருக்கும் வீதியை நிறுத்தாமல் அதனைப் புதிதாக்குவதுதான் இதிலுள்ள பெருஞ்சிக்கல். ஒரு பக்கத்தில் தற்காலிக வீதியை அமைத்து வாகனங்களை அதில் திருப்பிவிட்டு, வெறுமையான பக்கத்தைத் தோண்டுகிறார்கள். அது முடிந்ததும் மறுபக்கம். தடங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். “அத்தான், போன கிழமை இந்தத் தடம் அங்காலை இருந்தது” என்றார் மைத்துனி, பார்வையை வீதியிலிருந்து எடுக்காமலே. இரு பக்கமும் வெண்ணிறக் கொங்கிறீற்றுத் தடுப்புகள், குறைக்கப்பட்ட வேகம், மழையில் மினுங்கும் மஞ்சள் கோடுகள். இருபது ஆண்டுகளாக வாகனம் ஓட்டுபவரையும் மனம் பதற வைக்கும் பாதை.

செலவு மலைபோல் உயர்வதற்கு நிலமும் ஒரு காரணம். ஒஸ்லோ குடாவைச் சுற்றியுள்ள தாழ்நிலத்தின் பெரும்பகுதி, பனியூழிக்குப் பின்னர் கடலடியிலிருந்து மேலெழுந்தது. அக்களிமண்ணில் முன்பு இருந்த உப்பை மழைநீர் நெடுங்காலமாகக் கழுவிச் சென்றுவிட்ட இடங்களில், மண் பார்வைக்கு உறுதியாக இருக்கும். கலக்கப்பட்டதும் கூழாய் ஓடிவிடும். 2015 பெப்ரவரி 2ஆந் திகதி, இதே ஈ-18இல், வெஸ்ட்போல்ட் பகுதியிலுள்ள ஷெகெஸ்தாட் பாலத்தின் தூண் அப்படியொரு மண்சரிவினால் நகர்ந்து, பாலம் தொய்ந்து போனது. எவருக்கும் உயிராபத்து நேரவில்லை என்பது பெரும் பேறு.

இனி, இச்செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

வழிக்குக் கட்டணம் வாங்குவது நோர்வேக்காரரின் கண்டுபிடிப்பு அல்ல. பெரும்பாணாற்றுப்படையிலே, கழுதைகளின் முதுகில் மிளகுப் பொதி ஏற்றிச் செல்லும் வணிகரின் சுங்கவழி பேசப்படுகிறது. வில்வீரர் அதனைக் காத்து நின்றனர். முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றதை நாம் வகுப்பறையில் பல தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஒரு மன்னன் பெற்ற வெற்றிகளைவிட, அவன் நீக்கிய வரியை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதில் ஒரு செய்தி உண்டு. பிரித்தானியர் காலத்து இலங்கையிலும் பாலங்களிலும் தோணித்துறைகளிலும் ஆயம் அறவிடும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அக்குத்தகையால் பெருஞ்செல்வர் ஆனவர்களும் உண்டு.

நோர்வேயின் முறை அதிலிருந்து வேறுபட்டது. இங்கே கட்டணம் என்பது ஒரு கடனின் தவணை. ஒரு பாலமோ சுரங்கமோ அமைக்கக் கடன் வாங்கப்படும். அதனைப் பாவிப்பவர்கள் கட்டணமாகச் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். கடன் தீர்ந்ததும் சாவடி அகற்றப்படும். நாடாளுமன்றம் ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கிறது.

கடன் தீர்ந்து சாவடி அகன்றதை ஃபின்மார்க்கில் வாழும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நாம் வடக்கே வந்த புதிதில் ஹொன்னிங்ஸ்வோக்கிலுள்ள நண்பர்களிடம் செல்வதானால், கோஃபியோர்டில் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். 1999 யூனில் வடமுனைச் சுரங்கம் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட ஏழு கிலோமீற்றர் நீளம். கடல் மட்டத்திலிருந்து 212 மீற்றர் ஆழம். உள்ளே நீர் உறைந்து பனிக்கட்டி ஆகாதிருக்க, வாயிலில் கதவுகள் வைத்திருக்கிறார்கள்; குளிர்காலத்தில் கார் கிட்ட வந்ததும் அவை தாமே திறக்கும். எமது பிள்ளைகள் அதனை ‘அலிபாபா குகை’ என்பார்கள். ஆனால் அக்குகைக்குள் நுழையக் காருக்கு மட்டுமன்றி உள்ளே இருக்கும் பயணிகளுக்கும் தனித்தனியே கட்டணம் அறவிடப்பட்டது. ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்வருவதற்குள், பரிசுப்பொருளின் விலையைவிடச் சுரங்கத்துக்குக் கொடுத்தது கூடிவிடும். மீன் தொழிற்சாலைச் சம்பளத்தில் அது சிறிய தொகை அன்று. 2012 யூன் இறுதியில் கடன் தீர்ந்தது, கட்டணமும் நீங்கியது. அடுத்த கிழமையே இரண்டு குடும்பங்கள் ஒரு காரணமும் இல்லாமல் சுரங்கத்தினூடே போய்வந்தன. அதில் எமது குடும்பமும் ஒன்று.

ஒஸ்லோவில் உள்ளவர்களுக்கு இக்கதை வியப்பாக இருக்கும். அங்கே நகரைச் சுற்றிய கட்டண வளையம் 1990 பெப்ரவரி 1ஆந் திகதி தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் நகரின் நடுவே செல்லும் சுரங்கப் பாதை திறக்கப்பட்டிருந்தது. வளையம் 2007 வரைதான் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் இரண்டாவது ஒஸ்லோத் திட்டம், 2008இல் மூன்றாவது ஒஸ்லோத் திட்டம் என்று அது நீண்டுகொண்டே சென்றது. இடையில் பணத்தின் பயனும் மாறியது. இன்று அது வீதிக்கு மட்டுமன்றி, நிலக்கீழ் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செல்கிறது. இதில் நியாயம் உண்டு. கார் இல்லாத ஏழைக்கும் பயன் கிடைக்கிறது. ஆனால் ஒரு பாலத்தின் கடனுக்கு முடிவு உண்டு, ஒரு நகரத்தின் தேவைக்கு முடிவு ஏது? ட்ரொண்ட்ஹைம் நகரத்தார் 2005ஆம் ஆண்டின் இறுதியில் தம் கட்டண வளையத்தை நீக்கினார்கள். 2010இல் மீண்டும் கட்டணம் செலுத்தத் தொடங்கினார்கள்.

2017 ஒக்டோபர் 1 முதல் ஒஸ்லோவில் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் முறை வந்தது. காலை 6.30 முதல் 9 மணி வரையும், மாலை 3 முதல் 5 மணி வரையும் கூடுதல். டீசல் கார்களுக்கு அதைவிடக் கூடுதலாக விதித்தார்கள். 2019இல் சாவடிகளின் எண்ணிக்கை பெருகியது. அதுவரை கட்டணமின்றிச் சென்ற மின்சாரக் கார்களும் செலுத்தத் தொடங்கின. நெரிசலைக் குறைக்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இம்முறை, மனிதர் தம் நேரத்தைத் தாமே தெரிவு செய்யலாம் என்ற எண்ணத்தில் அமைந்தது. போர்னெபூ அலுவலகத்தில் கணினி முன் இருப்பவர் ஒன்பதரைக்கு வரலாம்; விரும்பினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அவருடைய மேசையைத் துடைப்பவருக்கும், முதியோர் இல்லத்தில் ஏழரைக்குக் கடமை ஏற்பவருக்கும் அந்த வசதி இல்லை. மைத்துனி விடியுமுன் செல்வதால் காலைக் கூடுதலிலிருந்து தப்புகிறார். அவருடைய கணவரோ காலை ஏழுக்குப் போய் மாலை நாலுக்குத் திரும்புகிறார். இரு முறையும் கூடுதல். புதிய கார் வாங்கி மின்சாரத்துக்கு மாறியவர் குறைவாகக் கொடுக்க, பழைய டீசல் காரை வைத்திருப்பவர் அதிகம் கொடுத்தார். எவர் கையில் எந்தக் கார் இருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஸ்தாபெக்கில் வீதிக்குக் கூரை அமைவதில் எமக்குப் பொறாமை இல்லை. அங்கும் குழந்தைகள் வாழ்கின்றன. ஆயினும் குரூருட் பள்ளத்தாக்கில் ஃபூருசெட் மக்கள், தம் குடியிருப்பை இரண்டாய்ப் பிளந்து செல்லும் ஈ-6ஐ மூட வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். சாவடியில் கிழக்கும் மேற்கும் ஒரே கட்டணத்தைத்தான் கொடுக்கின்றன. ஈ-18 அகலிப்பைப் பாரூம் நகரசபை வரவேற்றது. ஒஸ்லோ நகராட்சி அரசு, வீதி அகன்றால் கார்கள் பெருகும் என்று எதிர்த்துப் பேரம் பேசியது. இருவர் வாதத்திலும் உண்மை இருந்தது. அப்பேரத்தில் காலை நாலரைக்குப் புறப்படுபவர்களின் குரல் கேட்டதாக எமக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. வீதித் திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். எவரும் எழுதலாம். நோர்வேயில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வதிந்தவர், குடியுரிமை இல்லாவிடினும், நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2019 தேர்தலில் கட்டணத்தை எதிர்த்த ஒரு கட்சி பேர்கன் நகரில் ஆறில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றது. அதன் கொள்கை எமக்கு ஏற்புடையதன்று. ஆனால் பேசுபவர் பக்கம் ஆட்சியாளர் காது திரும்புகிறது என்பதை அது காட்டியது.

அன்று மாலை மைத்துனி ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து எம் முன்னே வைத்தார். ஒவ்வொன்றும் சாவடிக் கட்டணப் பட்டியல். கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரம் குரோனருக்கு மேல். அவர்கள் முன்பு ஹம்மர்பெஸ்டில் இருந்தபோது வாங்கிய பழைய காரைத் தெரிந்த ஓர் இளைஞருக்கு விற்றிருந்தார்கள். பணம் கைமாறியது, திறப்பு கைமாறியது. பெயர்மாற்றம் மட்டும் நடக்கவில்லை. சாவடியிலுள்ள புகைப்படக் கருவிக்கு முகம் தெரியாது, இலக்கத்தகடுதான் தெரியும். பட்டியல் பதிவில் உள்ளவருக்கே போகும். காரை விற்றவர் விற்பனை அறிவித்தலை உடனே வீதிப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். ‘பிறகு பார்ப்போம்’ என்ற பேச்சு எம்மவரிடையே நிறைய வீடுகளில் இப்படி முடிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கண்டோம். இப்போது ஓட்டும் காருக்கு அவர்கள் ‘பிரிக்க’ எனப்படும் அந்தச் சிறு பெட்டியை ஒட்டவே இல்லை. ஒப்பந்தம் செய்து அதனைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கட்டணத்தில் இருபது வீதம் கழிவு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் வளையத்தின் பல சாவடிகளைக் கடந்தால் ஒரு தடவைக்கே அறவிடும் சலுகையும் அத்தகையவர்களுக்கே. வலுக்குறைந்தோருக்கான வாகனத் தரிப்பு அனுமதி உள்ள தாய் தந்தையர் விண்ணப்பித்தால் கட்டண விலக்கே பெறலாம். அதற்கும் இந்த ஒப்பந்தம் தேவை. “அது காசு பிடிக்கிற பெட்டி எண்டுதான் அத்தான் நாங்கள் பேசாமல் விட்டனாங்கள்” என்றார் மைத்துனி. பெட்டி இல்லாவிட்டால் காசு பிடிக்கமாட்டார்கள் என்று எண்ணியவர்கள் இவர்கள் மட்டும் அல்லர்.

குசினி மேசையில் இருந்து நோர்வேஜிய மொழியில் ஒரு கடிதம் எழுதினோம். விற்ற திகதி, வாங்கியவர் கையொப்பமிட்ட துண்டு, வங்கியில் பணம் வந்த பதிவு ஆகியவற்றை இணைத்தோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் எமது இலக்கணத்தைத் திருத்தினாள். ஆசிரியராய் இருந்தவருக்கு அது ஒரு மகிழ்ச்சிதான். பெட்டிக்கான விண்ணப்பத்தையும் அவளே கணினியில் நிரப்பி அனுப்பினாள். பட்டியல்களைத் திகதி வரிசையில் அடுக்கி முடிக்கையில் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. மைத்துனி நாலு மணிக்கு மணிக்கூட்டை வைத்துவிட்டுப் படுக்கச் சென்றார்.