வீட்டு முற்றத்தில் ஒயில் மாற்றல்: மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்து ஒக்லாந்து வரை

ஒக்லாந்தின் மவுண்ட் றொஸ்கில் பகுதியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குக் கடந்த சனிக்கிழமை காலை ஓர் இளைஞர் தமது மோட்டார் சைக்கிளுடன் வந்து சேர்ந்தார். தஞ்சக் கோரிக்கை இன்னமும் முடிவாகாத நிலையில், தற்காலிக வேலை விசாவுடன், அதிகாலை நான்கு மணிக்கு ஆரம்பமாகும் வேலையொன்றுக்குச் சென்று வருபவர் அவர். அந்நேரத்தில் அவரது வீட்டுப் பக்கம் பேருந்து கிடையாது. பழைய சுசுக்கி ஜீ.என். 250 வண்டி நின்றால் அன்றைய சம்பளமும் நின்றுவிடும்.

“அண்ணை, கிளச் வழுக்குது. ஹில்ஸ்பறோ ஏத்தத்திலை எஞ்சின் கத்துது, வண்டி போகுதில்லை” என்றார்.

கராஜ் ஒன்றில் காட்டியபோது கிளச் தட்டுகள் அனைத்தையும் மாற்ற வேண்டுமெனக் கூறி, அவரது இரண்டு வாரச் சம்பளத்தை ஒத்த தொகையொன்றையும் கூறியிருக்கிறார்கள். நான் கேட்ட முதற் கேள்வி, கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள் என்பதே. ஒரு மாதத்துக்கு முன்னர் தாமே மாற்றியதாகப் பெருமையுடன் சொன்னார். எந்த ஒயில் என்றபோது, நண்பர் ஒருவரின் காருக்கு வாங்கி மிஞ்சியது என்றார்.

கோளாற்றின் பாதி அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. காரின் கிளச் உலர்ந்த நிலையில் தனியே இயங்குவது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ பிஸ்டன், பற்சில்லுகள், கிளச் ஆகிய மூன்றும் ஒரே ஒயிலிற் குளிக்கின்றன. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக இன்றைய கார் ஒயில்கள் பலவற்றிற் சேர்க்கப்படும் வழுக்கற் பொருள்கள், ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டிய கிளச் தட்டுகளையும் வழுக்கச் செய்துவிடுகின்றன. இதனாலேயே 1998 ஆம் ஆண்டில் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கெனத் தனியான தரவகுப்பு ஏற்படுத்தப்பட்டது. போத்தலின் பின்புறத்தில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். விலை சற்று அதிகந்தான். கிளச் தட்டுகளின் விலையோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல.

அன்று முற்பகல் முழுவதும் நாமிருவரும் அந்த வண்டியின் அருகிற் குந்தியிருந்தோம். விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து ஆண்டுகள் பலவாயினும், கேட்க ஒருவர் கிடைத்தால் விளக்கவுரை நிகழ்த்தும் பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஆனால் இந்த வித்தையை நான் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை. எனது தகப்பனாரின் ஹொண்டா சி.90 வண்டியின் அருகிலே, யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்திலே கற்றேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், கொள்ளை விலையில் கிடைத்தது. எம்மவர் மோட்டார் சைக்கிள்களை அந்த மண்ணெண்ணெயிலேயே ஓட்டினர் என்பதை, அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவருக்கும் நான் எடுத்துக் கூறத் தேவையில்லை. ஒரு சிறு போத்தலிற் பாதுகாத்து வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி, வண்டியை உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். றோட்டெங்கும் வெண்புகை. வைத்தியசாலைக்குப் போனதும், திருமண வீட்டுக்குப் போனதும், செத்த வீட்டுக்குப் போனதும் அந்தப் புகையோடுதான்.

வெளியே தெரிந்தது புகை மாத்திரமே. உள்ளே நடந்தது வேறு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டரின் சுவர் வழியே, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள ஒயிலிற் சென்று கலந்துவிடும். ஓடும் வண்டியில் ஒயில் மட்டம் குறைவதுதான் வழமை. எமது வண்டியிலோ அது ஏறிக்கொண்டு வந்தது! தகப்பனார் அளவுகோலை உருவி, முதலில் மூக்கருகிற் கொண்டு செல்வார். பின்னர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு துளியைத் தேய்ப்பார். பிசுபிசுப்பு இன்றி நீரைப்போல் நழுவினால், அன்றே ஒயில் மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு ஒயில் எங்கே? அதுவும் அரும்பொருளாகவே இருந்தது. பழைய ஒயிலைப் போத்தலில் வாரக்கணக்கில் அசையாது வைத்து, மேலே தெளிந்ததைப் பழஞ்சேலைத் துண்டில் வடித்து, சிறிதளவு புதிய ஒயிலுடன் கலந்து அவர் மீண்டும் ஊற்றியதை நான் கண்டிருக்கிறேன். அடியில் தங்கிய கரி நீங்கியிருக்கும். கரைந்திருந்த மண்ணெண்ணெய் துணியில் நின்றிருக்க மாட்டாது என்பதை இன்று அறிவேன். அவரும் அறிந்தேயிருந்தார் என நினைக்கிறேன். வேறு வழி இருக்கவில்லை.

அந்த வண்டி தாக்குப்பிடித்தமைக்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். 1958 இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த சுப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 2017 ஆம் ஆண்டளவில் அக்குடும்பத்தின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. சி.90 இல் காகித வடிகட்டி கிடையாது. ஒரு கம்பிவலையும், சுழற்சி விசையால் அழுக்கை ஓரத்திற்கு ஒதுக்கும் ஒரு கிண்ணமும் மாத்திரமே உண்டு. வாங்கி மாற்ற வேண்டிய பொருள் இல்லையாதலால், தடைப் பட்டியலும் அதனை ஒன்றும் செய்ய முடியவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாதையில் மக்கள் வெள்ளத்தினூடே அந்த வண்டியை நாங்கள் ஓட்டவில்லை; தள்ளிக்கொண்டே சென்றோம். அப்போது எனக்கு வயது பதினைந்து. அம்மம்மா பின்னிருக்கையில் இருந்தார். கைபிடியிற் சமையற் பாத்திரங்கள் தொங்கின. அந்த இரவைப் பற்றி இப்பத்தியில் இவ்வளவு போதும்.

செய்யும் முறை

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் சுமந்துகொண்டு இறங்கும். கொதிக்கும் நிலையிற் செய்தால் கை வெந்துவிடும். வண்டியை நடுத்தாங்கியில் நேராக நிறுத்தி, கீழே கடதாசி அட்டை விரித்து, அதன்மேல் ஒரு பேசினை வையுங்கள். அட்டையை மறக்க வேண்டாம்: வாடகை வீட்டின் கொங்கிறீற் தரையில் ஒயிற் கறை படிந்தால், வீடு மாறும்போது வைப்புப் பணத்தில் வெட்டு விழக்கூடும். மெல்லிய றப்பர்க் கையுறை அணிவதும் நன்று. பழைய ஒயில் தோலில் நெடுங்காலம் படுவது புற்றுநோய் அபாயம் உடையது.

மேலுள்ள ஊற்றும் மூடியை முதலிற் தளர்த்திய பின்னர் அடிப்புறத்து வடிகட்டையைக் கழற்ற வேண்டும். சி.90 இல் அதற்குப் 17 மில்லிமீற்றர் சாவி. கீழே படுத்திருந்து பார்க்கும்போது இடம் வலம் குழம்பிப்போவது இயல்பு. கழற்றுவதாக நினைத்து இறுக்கி, அலுமினியப் புரியை உடைத்தவர்கள் பலர். கட்டையின் தலை உங்கள் முகத்தை நோக்கியிருப்பதாகக் கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் திருப்புங்கள்.

வடிந்ததை உடனே மூடி வைத்துவிடாதீர்கள். அதைப் படிக்க வேண்டும். கறுப்பு நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கட்டையின் நுனியில் சாம்பல் நிறப் பசைபோல் நுண்ணிய உலோகத்தூள் இருப்பதும் வழமையே. நகத்தில் அகப்படும் உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பால் கலந்த தேநீர் போலத் தோன்றினால் நீர் கலந்திருக்கிறது. சிறு தூரமே ஓடி, முழுச்சூடு ஏறுமுன் நிறுத்தப்படும் வண்டிகளில் மழைக்காலத்தில் இது நேர்வதுண்டு. பெற்றோல் மணத்தால், காபரேற்றரின் மிதவை வால்வு ஒழுகுகிறது என்று ஐயுற வேண்டும். இளைஞரிடம் ஒரு துளியை விரலிற் தேய்த்துக் காட்டினேன். அவரும் மூக்கருகிற் கொண்டுபோனார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வடிகட்டி இருவகைப்படும். தகரக் குவளைபோன்றதாயின் அதன் றப்பர் வளையத்தில் புதிய ஒயில் தடவிக் கையினால் இறுக்கினாற் போதும். ஜீ.என். 250 போன்றவற்றில் எஞ்சினின் வலப்புறத்துச் சிறு மூடியின் பின்னே காகித வடிகட்டி ஒளிந்திருக்கும். பழையது எந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தது, சுருள்வில் எங்கே இருந்தது என்பவற்றைக் கழற்றும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்; கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாற் போயிற்று. வடிகட்டியைத் தலைகீழாகப் பொருத்தினால் ஒயில் செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லாது, எஞ்சின் இறுகிப்போகவும் கூடும். மூடியின் றப்பர் வளையத்தையும் வடிகட்டையின் வோஷரையும் புதிதாக இடுங்கள்.

கட்டையை இறுக்கும்போது வீரம் காட்டற்க. சி.90 க்கு 24 நியூற்றன் மீற்றர் அளவே போதும். நடுத்தர நீளச் சாவியில் ஒரு கையால், தோளைப் பயன்படுத்தாது இறுக்குவது அவ்வளவுதான். கைந்நூல் கூறும் அளவு ஒயிலை ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து மட்டத்தைப் பாருங்கள். அளவுகோல் உள்ள ஹொண்டா வண்டிகளில் அதனைத் திருகாமல், புரியின்மேல் வைத்து மாத்திரம் பார்க்க வேண்டும். மட்டத்துக்கு மேலும் ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே தீங்கானது.

வீட்டுக் கொட்டிலிற் குந்தியிருந்து இயந்திரம் திருத்துவது இந்நாட்டவருக்கும் புதிதல்ல. இன்வேர்காகில் நகரத்து பேர்ட் மன்றோ, 1920 ஆம் ஆண்டின் இந்தியன் மோட்டார் சைக்கிளொன்றைத் தமது கொட்டிலிலேயே பதிற்றாண்டுகளாகத் திருத்தித் திருத்தி, பிஸ்டன்களையும் தாமே வார்த்து, 1967 இல் அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் ஆயிரம் கன சென்ரிமீற்றருக்குட்பட்ட பிரிவில் வேகச் சாதனை நிலைநாட்டியவர். ‘உலகின் அதிவேக இந்தியன்’ என்று 2005 இல் வெளிவந்த படத்தின் பெயரைக் கேட்டு, யாரோ எங்கள் பக்கத்து மனிதர் என நம்பி நான் பார்க்கச் சென்றதை இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

வடித்த ஒயில் எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் அதை வேலிக் கதியாலடியில் ஊற்றினோம். கறையானுக்கு நல்லதென்று மரத்தூண்களிற் பூசினோம். எவரும் அதைக் குற்றமாகக் கருதியதில்லை. ஆனால் எமது குடாநாட்டில் நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றில்லை. சுண்ணக்கல்லின் துவாரங்களுள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். சுன்னாகத்தில் மின்னிலையச் சூழலிலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து, கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தபோது நாம் இதனைக் கசப்புடன் அறிந்துகொண்டோம். 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் இவ்வழக்கில் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. நாம் வேலியடியில் ஊற்றிய லீற்றர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர்.

இங்கே மவுண்ட் றொஸ்கிலில் வீதியோர வடிகாலுள் விழுவது பெரும்பாலும் சுத்திகரிப்பின்றியே ரே அவுஆவுங்கா எனப்படும் ஓக்லி ஓடைக்குச் சென்று, வைற்றமற்றாக் கடலில் விழுகிறது. ஆகவே பழைய ஒயிலைப் புதிய ஒயில் வந்த அதே போத்தலில் ஊற்றி, வேறு திரவம் எதுவும் கலக்காது, வடிகட்டியையும் நன்கு வடியவிட்டு, வீட்டு அபாயக் கழிவுகளை ஏற்கும் கழிவு மாற்று நிலையத்திற் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இளைஞரின் வண்டி இந்த ஒரு வார காலத்தில் எவ்வாறு இருக்கிறதென்றால், வழுக்கல் பெருமளவு குறைந்துள்ளது, முற்றாக நீங்கவில்லை. தட்டுகளில் ஊறிய பழைய ஒயிலைக் கழுவுவதற்காக ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுமுறை மாற்றவுள்ளோம். அதன் பின்னரும் வழுக்கினால், தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கராஜ்காரர் கூறியதே சரி. பணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். வடித்த ஒயில் இரண்டு போத்தல்கள் என் வீட்டுப் பின்புறத்தில் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அயலில் யாருடைய வீட்டிலாவது இவ்வாறான போத்தல்கள் தேங்கிக் கிடந்தால், காரின் பின்பெட்டியில் இடமிருக்கிறது.