டிராக்டரின் முன் சக்கரம் தூக்குகிறதா? டிரெய்லரில் பாரம் ஏற்றும் கணக்கு!

கரும்பு வெட்டும் நெல் அறுவடையும் தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. ஆற்றுப்பாலம் ஏறும்போதும், வயலிலிருந்து வரப்பைத் தாண்டிச் சாலைக்கு ஏறும்போதும் முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். சில ஓட்டுநர்கள் அதைத் திறமையாகக்கூட நினைக்கிறார்கள். ஆனால், முன்பக்கம் தூக்கிய டிராக்டர் முழுவதுமாகப் பின்னால் கவிழ ஒன்றரை நொடி போதும். அதில் பாதி நேரம் கடந்துவிட்டால், கிளட்சை மிதித்தாலும் பயனில்லை.

என்ஜின் சக்தி அதிகம் என்பதால் மட்டும் இப்படித் தூக்குவதில்லை. பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கொக்கி எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டும்தான் முக்கியக் காரணங்கள்.

கொக்கியில் விழும் எடை

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கர டிரெய்லர் அப்படியல்ல. பாரத்தில் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டர் மீது இறங்கும்.

ஓர் உதாரணம். கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 350 செ.மீ. நீளம். பாரம் 4,000 கிலோ. பாரத்தின் நடுமையம் அச்சுக்கு 35 செ.மீ. முன்னால் இருந்தால், கொக்கியில் 400 கிலோ விழும். கொக்கி, டிராக்டரின் பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 200 செ.மீ. என்றால், அந்த 400 கிலோ, முன் சக்கரங்களிலிருந்து 140 கிலோவைக் கழற்றிவிடும். 2,000 கிலோ டிராக்டரில் முன்பக்கம் 800 கிலோ இருந்தால், மிச்சம் 660 கிலோ.

இதற்குப் பயந்து பாரத்தைப் பின்னால் தள்ளினால் வேறு ஆபத்து. அதே 35 செ.மீ. அச்சுக்குப் பின்னால் போனால், கொக்கி 400 கிலோ விசையுடன் மேலே தூக்கும். பின் சக்கரங்களின் பிடிப்பு குறையும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் தள்ளும்போது, பிடிப்பில்லாத சக்கரம் பிரேக் போட்டும் வழுக்கும், வண்டி மடங்கிக்கொள்ளும்.

ஆக, பாரத்தின் மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதே சரி.

கொக்கியின் உயரம்

ஏற்றத்தில் 1,000 கிலோ இழுவை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 45 செ.மீ. உயரக் கொக்கியில் இழுத்தால், முன் சக்கரத்திலிருந்து மேலும் 225 கிலோ குறையும். மிச்சம் 435 கிலோ. டாப் லிங்க் மாட்டும் இடத்தில், 90 செ.மீ. உயரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் 450 கிலோ குறையும். மிச்சம் 210 கிலோதான். ஸ்டீயரிங் கட்டுப்பாட்டில் இருக்க, டிராக்டர் எடையில் 20 சதவிகிதமாவது, அதாவது இந்த டிராக்டருக்கு 400 கிலோ, முன் சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போதும் தாழ்வான கொக்கியைத் தவிர வேறெதிலும் கட்டக் கூடாது.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்கள், வில்கம்பிகள் பொருத்திய தனிக் கொக்கியைப் பயன்படுத்துகிறார்கள். கொக்கியில் விழும் எடையில் ஒரு பகுதியை அது முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பிரித்து அனுப்பும். நம் டிராக்டர்களில் அந்த வேலையைச் செய்பவை, முன்பக்க எடைக்கட்டிகளும் பாரம் அடுக்கும் முறையும்தான். பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் பிடிப்பு கூடும். ஆனால், முன்பக்கம் தூக்குவதை அது தடுக்காது.

எடைமேடையில் சோதிக்கலாம்

பாரம் ஏற்றிய டிரெய்லருடன் எடைமேடைக்குப் போகும்போது, டிராக்டரின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை எடை பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி, நின்ற நிலையில் டிராக்டர் எடையில் மூன்றில் ஒரு பங்காவது முன்னால் இருந்தால்தான் ஏற்றத்தைத் தாங்கும். குறைந்தால், பாரத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தலாம், முன் எடைக்கட்டி சேர்க்கலாம், அல்லது பாரத்தைக் குறைக்கலாம்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

* இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டைகளை முன்பக்கத்திலிருந்து அடுக்க வேண்டும். இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து இறக்க வேண்டும். முன்பக்க மூட்டைகளை முதலில் எடுத்தால், பெட்டி பின்னால் சாய்ந்து கொக்கியைத் தூக்கிவிடும்.
* கரும்பு பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பாரத்தின் மையமும் பின்னால் போய்விடும்.
* கொக்கியைக் கழற்றும் முன் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க வேண்டும்.
* சாலையில் இரண்டு பிரேக் பெடல்களும் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல், நியூட்ரலில் விடாமல், குறைந்த கியரிலேயே இறங்க வேண்டும்.
* ஏற்றத்தில் நின்றுவிட்டால், கிளட்சைச் சட்டென்று விடக் கூடாது. முன் சக்கரம் எழும்பும் இடம் அதுதான்.
* முன்பக்கம் தூக்காமலிருக்க பானெட்டில் ஆளை உட்காரவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வண்டி குலுங்கினால் அவர் விழுவது சக்கரத்துக்கு முன்னால்தான். ஓர் ஆளின் எடை தேவைப்படுகிற அளவுக்குப் பாரம் இருக்கிறது என்றால், அதை இரண்டு நடையாக ஓட்டுவதே சரி. கூடுதல் டீசல் செலவு சில நூறு ரூபாய்தான்.