எந்த நாட்டுக்கு நன்றி?



பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுதந்திர தினத்தையொட்டி வவுனியாவில் எங்கள் ஆலயத்தில் விசேட ஆராதனை. "நாம் வாழுகின்ற இந்த நாட்டுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துவோம்" என்று போதகர் ஐயா ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தோம். எனக்குப் பின் வாங்கில் இருந்த அக்கா முன்னுக்குச் சரிந்து என் காதுக்குள் கேட்டார்:

"தங்கச்சி, எந்த நாட்டுக்கு எண்டு ஐயா சொல்லேல்லையே?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. மல்லாவிப் பக்கம் அவருடைய ஊர். 2008 இல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இருந்து எழும்பி, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார். மூத்த மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் நாட்டுக்காக நன்றி சொல்லுங்கள் என்றால் அவர் வேறு என்ன கேட்பார்?

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டினேன். சொந்த நிலத்தில் வாழக் கிடைத்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று விபரமாகவே எழுதியிருக்கும் ஒரு பகுதி உண்டு. உபாகமம் 26 ஆம் அதிகாரம். கத்தோலிக்கச் சகோதரிகள் இந்நூலை இணைச்சட்டம் என்பார்கள்.

நிலத்தில் விளைந்த முதற்பலனை விவசாயி ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு ஆசாரியனிடம் போக வேண்டும். கூடையைப் பலிபீடத்தின் முன் வைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. அவன் வாய்திறந்து பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. நாடு நல்ல நாடு, விளைச்சல் நல்ல விளைச்சல் என்று அவன் தொடங்குவதில்லை. தன் முன்னோர் ஊரூராக அலைந்தவர் என்று தொடங்குகிறான். கொஞ்சப் பேராக எகிப்துக்குப் போனோம், அங்கே எங்களைக் கொடுமைப்படுத்தினார்கள், கடுமையான வேலை வாங்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கடவுள் எங்கள் துன்பத்தைப் பார்த்தார் என்று நடந்ததை ஒழுங்காகச் சொல்லி வருகிறான். அதற்குப் பிறகுதான் நிலமும், கூடையும், நன்றியும் வருகின்றன.

"நடந்ததை எல்லாம் மறந்துபோட்டு நன்றி சொல்லுங்கோ" என்று எங்களுக்குச் சொல்பவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அதிகாரத்தில் அப்படி இல்லை. பட்டதைச் சொல்லாமல் அங்கே நன்றியே தொடங்குவதில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. மூன்றாம் வருடத்து விளைச்சலில் பத்திலொரு பங்கு லேவியனுக்கும், அந்நியனுக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது. அவர்கள் ஊருக்குள்ளேயே இருந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்களில் நல்ல காரியம் என்றால் கணவனை இழந்தவள் குசினிப் பக்கம் ஒதுங்கி நிற்பதை எத்தனை தரம் பார்த்திருப்போம்! இங்கே அவளுடைய பங்கைக் கொடுத்து முடித்தேன் என்று நிலத்துக்காரன் கடவுளுக்கு முன்னால் கணக்குச் சொல்ல வேண்டும். அது தருமம் இல்லை, பங்கு.

சைவச் சகோதரிகளுக்கும் இது புதிதாக இராது. தைப்பூசத்தில் புதிர் எடுப்பதும், புதுநெல் அரிசியைப் பொங்கிச் சூரியனுக்குப் படைப்பதும் நிலத்தை வைத்துச் சொல்கிற நன்றிதானே.

சரி, அது பழைய காலத்துக் கதை. எங்கள் வன்னியில் இப்படி நடந்ததா என்று கேட்டால், நடந்திருக்கிறது. அதை நடத்தியதில் பெண்களே முன்னுக்கு நின்றார்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில் இரணைதீவு இருக்கிறது. இரணைமடுக் குளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது மேற்குக் கடலில் அருகருகே கிடக்கும் இரண்டு தீவுகள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் கரையோரத் தண்ணீருக்குள் நடந்து கையாலேயே கடலட்டை பொறுக்குவார்கள். அது அவர்களுடைய சொந்த உழைப்பு, யாரிடமும் கை நீட்டத் தேவையில்லாத காசு. பள்ளிக்கூடம் இருந்தது, செபமாலை மாதாவின் கோவில் இருந்தது.

1992 இல் போர் அவர்களை அங்கிருந்து கிளப்பியது. முழங்காவில் பக்கத்தில் வந்து இருந்தார்கள். அந்த இடத்துக்கு இரணைமாதா நகர் என்று பெயர் வந்தது. போர் 2009 இல் முடிந்தும் தீவில் கடற்படை இருந்ததால் மீளக்குடியேற விடவில்லை. மனுக் கொடுத்தார்கள், அலுவலகங்களுக்கு அலைந்தார்கள். கடைசியில் 2017 மே 1 ஆம் திகதி இரணைமாதா நகரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் கொட்டகைக்குள் கூடுதலாக இருந்தவர்கள் பெண்கள். வீட்டு வேலையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், பின்னேரச் சமையலும் ஒரு பக்கம், போராட்டம் ஒரு பக்கம். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே போனது.

2018 ஏப்ரல் 23 ஆம் திகதி அவர்கள் இனிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்று முடிவெடுத்து, படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவுக்குப் போனார்கள். குருவானவர்களும் கூடப் போனார்கள். யாரையும் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. இறங்கியதும் கோவிலுக்குப் போய் செபித்தார்கள்.

அந்த நேரத்தில் அவர்களிடம் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அனுமதிக் கடிதம் இல்லை. 26 வருடம் ஆள் இல்லாமல் கிடந்த வீடுகள் இடிந்து பற்றையாகிவிட்டன. நாளைக்கு எழுப்பி விடுவார்களோ என்ற பயமும் இருந்திருக்கும். அப்படியும் முதலில் கோவில் வாசலுக்குத்தான் போனார்கள். முதற்பலன் ஒன்றும் இல்லாமல், வெறுங்கையோடு போய் நின்ற நன்றி அது. மே மாதத்தில் அதிகாரிகள் தீவுக்கு வந்து பேசி, அவர்கள் அங்கே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நான் ஆயத்தமில்லை. தண்ணீர், வள்ளப் போக்குவரத்து, வைத்திய வசதி எல்லாம் கஷ்டம்தான். பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய்மார் கரைப்பக்கம் இருப்பதும், தொழிலுக்காக ஆண்கள் தீவில் நிற்பதுமாகப் பல குடும்பங்கள் இரண்டு இடத்துச் சீவியம் நடத்தின. ஆனாலும் அது அவர்களின் ஊர்.

பின்வாங்கு அக்காவின் கேள்விக்கு இதில் ஒரு பாதிப் பதில் எனக்குக் கிடைத்தது. நாடு என்றவுடன் கொடியும் கொழும்பும்தான் எங்கள் மனதுக்கு வருகிறது. வன்னி நாடு என்று எங்கள் மூத்தவர்கள் சொன்ன சொல்லையும் நினைத்துப் பாருங்கள். குளமும், வயலும், கிணற்றடியும், பிள்ளையின் தொப்புள்கொடி புதைத்த வளவும் அந்தச் சொல்லுக்குள் இருந்தன. நன்றியை அங்கிருந்து தொடங்கலாம்.

மற்றப் பாதி கொஞ்சம் கசப்பானது. பெரிய நாட்டுக்குள்ளும் நன்றிக்குரியவை உண்டு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். இங்கே வவுனியாவில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. 1948 இல் கொண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் அந்தச் சமூகத்தில் இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அடையாள அட்டை எடுக்கவும், வாக்காளர் இடாப்பில் பேர் போடவும் முடியாமல் ஒரு வாழ்நாள் இருந்தவரிடம் கேட்டால், நாடு இருப்பது எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்று சொல்வார். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்த எங்கள் உறவுகளின் பிள்ளைகளிடமும் கேட்கலாம். 1945 இல் வந்த இலவசக் கல்வியால், அப்பன் இல்லாத பிள்ளையும் காசு கட்டாமல் பல்கலைக்கழகம் வரை போகலாம். பெரியாஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. இவற்றுக்கு நன்றி சொன்னால் அரசாங்கத்துக்கு நன்றி சொன்னதாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அரசாங்கங்கள் வரும் போகும். எங்கள் நன்றி கடவுளுக்கு.

அதேபோல, நன்றி சொன்னோம் என்பதற்காக வாயை மூட வேண்டும் என்றும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வவுனியாவில் வீதியோரக் கொட்டகையில் 2017 பெப்ரவரியில் இருக்கத் தொடங்கிய தாய்மார் வருடக்கணக்காக அங்கே இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தினமும் செபிப்பவர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள். எகிப்தில் கூப்பிட்ட கூப்பாட்டைக் கேட்ட கடவுளுக்கு இவர்கள் குரல் அந்நியமாக இருக்காது.

ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு எரேமியாவின் கடிதமும் உண்டு (29 ஆம் அதிகாரம்). பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதியது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். ஊரை மறக்கச் சொல்லவில்லை, திரும்பி வருவீர்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அதுவரை கத்தரிக்கன்று நடுவதில் பிழையில்லை.

அந்த அக்காவுக்கு இதையெல்லாம் நான் பிரசங்கமாகச் சொல்லவில்லை. உபாகமம் 26 ஐ மட்டும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப அழுதுகொண்டும் குடுக்கலாம் என்ன?" என்றார்.

அறுவடை ஆராதனை வந்தது. வழமைபோல நெல்லும், முருங்கைக்காய்க் கட்டும், முட்டையும், கால் கட்டிய சேவலும் பீடத்துக்கு முன்னால் நிறைந்துவிட்டன. காணிக்கை வைப்பவர்கள் விரும்பினால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போதகர் ஐயா இம்முறை இடம் கொடுத்தார். அக்கா ஒரு கடகத்தில் பூசணிக்காயோடு முன்னுக்குப் போனார்.

"நான் மல்லாவி. அஞ்சு இடம் இருந்து எழும்பி இஞ்ச வந்தனான். என்ர மூத்த மகன் இன்னும் வரேல்லை. இது என்ர வளவில காய்ச்சது."

அவ்வளவுதான். கடகத்தை வைத்துவிட்டு வந்து இருந்துவிட்டார். ஏலத்தில் அந்தப் பூசணிக்காயை மூன்று பேர் விட்டுக்கொடாமல் கேட்டு, கடைசியில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எடுத்தார்கள். துண்டு போட்டு எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். எனக்கு வந்த துண்டின் விதையைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.