இரண்டு ஆற்றுக்கு நடுவே இரண்டு சக்கரம்

உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியுமா? தெரியும் என்றால் மேலே படியுங்கள். தெரியாது என்றாலும் பாதகமில்லை, படியுங்கள். கற்றுக்கொள்வதற்கு வயது ஒரு தடையே அல்ல என்பதற்கு இந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரு லட்சம் சாட்சிகள் வருகிறார்கள்.

சென்ற ஆடி மாதம் என் தமக்கை மகன் பிரான்ஸ் தேசத்திலிருந்து லீவில் வந்திருந்தான். துலூஸ் நகரத்தில் உத்தியோகம். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எங்கள் ஊரில் ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் கரையோடு ஐம்பது கிலோமீட்டர் போனாலும் ஒரு மோட்டார் வண்டி எதிரே வராது. அதற்கு அப்பால் கப்பிப் பாதை. வழியெல்லாம் பழைய கிராமங்கள், மாதா கோயில்கள். கப்பியில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் விற்கிறார்கள்."

விலையையும் சொன்னான். அந்தப் பணத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம்.

பையன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது 'கனால் து மிதி' என்ற கால்வாய். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1667-ல் ஆரம்பித்து 1681-ல் முடித்தார்கள். நீளம் 240 கிலோமீட்டர். அதை வெட்டிய ரிக்கே என்பவர் தம் சொத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பாகக் காலமாகிவிட்டார். படகுகளை இழுத்துச் சென்ற குதிரைகள் நடந்த பாதையில்தான் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான் திருச்சிக்காரன் ஆயிற்றே! "நாளைக் காலை நாலரை மணிக்குத் தயாராக இரு" என்றேன்.

அவனுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளை இரவல் வாங்கினேன். எனக்கு என் பழைய ஹெர்குலிஸ். "மாமா, இதற்குக் கியர் கிடையாதே?" என்றான். "தம்பி, காவேரிக்கு மேடு கிடையாது" என்று சொல்லி வைத்தேன். அது முழுப் பதில் அல்ல என்று பிற்பாடு தெரிந்தது.

நீங்களும் இதே வழியில் போகலாம். விடிவதற்கு முன்பே மலைக்கோட்டையைப் பின்னால் விட்டுவிடுங்கள். 1976-ல் கட்டிய காவேரிப் பாலத்தில் அந்த நேரத்தில் பால் வண்டிகளும் பூக்கூடைகளும்தான் போகும். நடுப்பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று வடக்கே பார்த்தால், தென்னைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். உயரம் 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற கோபுரம், 1987-ல்தான் முழுமை பெற்றது.

திருவானைக்காவலில் கிழக்கே திரும்பினால் கல்லணைச் சாலை. வலது கைப் பக்கம் காவேரி, இடது கைப் பக்கம் கொள்ளிடம். நடுவில் வாழைத் தோட்டங்களும் நீங்களும். திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி என்று வரிசையாக ஊர்கள். சாலை தார்ச் சாலைதான். ஆனால் அங்கங்கே கரை மேல் ஏறிவிட்டால் மண்ணும் சரளையும். மோட்டார்க்காரர்கள் அதில் இறங்க யோசிப்பார்கள். சைக்கிளுக்கு யோசனையே வேண்டாம். கருவேல முள்ளுக்கு மட்டும் பயப்படுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு மேல் பஸ்கள் வரும், விடுமுறை நாளென்றால் கார்களும் வரும். பிரான்ஸில் வண்டி வராத பாதையைச் சட்டம் தருகிறது. நமக்கு அதைத் தருவது அலாரம் கடிகாரம்தான்.

"இங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், தெரியுமா?" என்று கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை. 1752-ம் வருஷம். திருச்சிக் கோட்டையில் முகமது அலி. அவரைப் பிடிக்க வந்தவர்கள் சந்தா சாகிபும், ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதியும். லாரன்ஸும் கிளைவும் உதவிக்கு வந்து சேர்ந்ததும், முற்றுகை போட்டவர்கள் பின்வாங்கி இந்தத் தீவுக்குள் புகுந்தார்கள். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் கோயில் மதில்களையே கோட்டையாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஆறு இருப்பது பந்தோபஸ்து என்று நினைத்தார்கள் போலும்! கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, புதுச்சேரியிலிருந்து வரும் வழியை அடைத்துவிட்டார். ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை போயிற்று. இந்த லா யார் என்றால், பாரிஸ் நகரத்தையே பங்கு வியாபாரத்தில் கவிழ்த்த ஜான் லாவின் சகோதரர் மகன். பெரியவர்களுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை!

பேசிக்கொண்டே வந்ததில் கல்லணை வந்துவிட்டது. பத்து மைல் போனதே தெரியவில்லை. "மாமாவுக்கு இந்த வயதில் இவ்வளவு வேகமா!" என்று பையன் வியந்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கல்லணையை நீங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். முறுக்கும் மாங்காயும் தின்றது ஞாபகம் இருக்கும். இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். கொள்ளிடத்தின் படுகை காவேரியைவிடத் தாழ்வு. விட்டால் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சாவூருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த வாயில்தான் கரிகாலன் கல்லைப் போட்டான். வெறும் மணல் மேலே! கல் மணலில் இறங்க இறங்க, அதன் மேல் இன்னும் கல். கெட்டித் தரை தட்டும் வரையில் கல். மணலில் அஸ்திவாரம் போடும் இந்த வித்தையை இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டுதான், ஆர்தர் காட்டன் துரை பிற்பாடு கோதாவரியில் அணை கட்டினார். பையன் வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "ரிக்கே வெட்டியதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முந்தியா?" என்று கேட்டான். அதற்கும் மேலே என்றேன்.

திரும்புகிற பயணத்தில்தான் விஷயம் வெளியாயிற்று. ஆடிக் காற்று மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கிறது. வரும்போது எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது அதுதான். என் கால் அல்ல. இப்போது எதிர்க்காற்று. வேட்டி பாய்மரம் ஆயிற்று. இரண்டு மைலுக்குள் நாங்கள் இறங்கித் தள்ள ஆரம்பித்தோம். ஆகையால் ஆடியில் போகிறவர்கள் கிழக்கே கல்லணைக்குப் போகாமல் மேற்கே முக்கொம்புக்குப் போங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்த பிறகு பின்காற்று. தை, மாசியில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

முக்கொம்புக்கு மறுநாள் போனோம். ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் வழி. மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்று 2015 முதல் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போனால் பயணம் அத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டிக் கரையோடு மேற்கே போனால், காவேரி இரண்டாகப் பிரியும் இடம்.

காட்டன் துரை 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டத் தொடங்கிய மேலணை இங்கேதான். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்தது. அந்த மாதம் 18-ந் தேதி, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே 1928-ல் போட்ட பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. நாலு நாள் கழித்து, 22-ந் தேதி இரவு, மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. நிறுத்த வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு இரவு பகலாக அடைத்தார்கள். 180 வருஷத்து முதுமை என்றார்கள் சிலர். ஆற்று மணலை அள்ளி அள்ளி அடியைப் பறித்ததன் பலன் என்றார்கள் பலர். முதுமை என்பதை நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லணைக்கு வயது என்ன? மணல் மேல் நிற்கும் அணைக்கு மணல்தானே பலம்?

சற்றுக் கீழே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். பையன் இரண்டையும் பார்த்துவிட்டு, துலூஸ் கால்வாய்க் கரையிலும் 2006 முதல் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து ஆயிரக் கணக்கில் வெட்டிவிட்டார்கள் என்று சொன்னான். முதல் நாள் பெருமையில் இதை விட்டுவிட்டான்!

சாட்சிகளை மறந்துவிடப் போகிறேன். கல்லணையிலிருந்து எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு வந்தோமே, அப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிளில், பின்னால் தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டு, மணியடித்து எங்களைத் தாண்டிப் போனாள். எங்கள் காலத்தில் இரண்டு பேர் ஏறினால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். பெண்கள் ஏறினால் ஊரே பிடுங்கிவிடும்! பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைப்பவர்கள், வயல் வேலை செய்பவர்கள், பாட்டிமார்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

"அக்கா, அந்தத் தாத்தாவால் முடியவில்லை, பார்!" என்று தம்பிக்காரன் உரக்கச் சொன்னான். என் தமக்கை மகன் அதைப் பாரிஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறான். போகிறவர்கள் குடிதண்ணீரும், பஞ்சர் ஒட்டும் சாமானும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.